குளிர்ச்சியாகக் கொடுக்கச் சொன்னார் டாக்டர்

என் மகளுக்குத் தொண்டையில் சதை எடுத்தார்கள். டாக்டர் அவர் வேலையை ஒழுங்காகச் செய்தார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற வேலையை நான் கெடுத்தேன்.

இவ்வளவுதான் விஷயம். அவசரக்காரர்கள் இதோடு எழுந்து போகலாம்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அறுபதுகளில் நடந்தது. காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை, அதில் நாலு பனியன் மெஷின். அதற்குப் பெயர் கம்பெனி. நான் முதலாளி. மெஷின் ஓட்டுகிற காசிம் அப்படித்தான் கூப்பிடுவான். கூப்பிடும்போது சிரிக்கவும் மாட்டான். நல்ல மனுஷன்.

மகள் சரசுவுக்கு அப்போது எட்டு வயது. மாதம் தவறாமல் தொண்டை வீங்கும், காய்ச்சல் வரும். கோயமுத்தூர் டாக்டர் சதையை எடுத்துவிடலாம் என்றார். என் சம்சாரம் நிறைமாதமாக வெள்ளகோவிலில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பிரசவம் முடிந்து தான் வந்த பிறகு எடுக்கலாமே என்று சொல்லிப் பார்த்தாள்.

"நாலு மெஷினப் பாக்கறேன். ஒரு புள்ளையப் பாக்க மாட்டனா?" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை அவள் இன்றுவரை எனக்கு மறக்க விட்டதில்லை.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பவுண்டர் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். அந்தக் காலத்துப் பாட்டில். பக்கவாட்டில் காகிதத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டியிருக்கும். ஒரு வேளைக்கு ஒரு கட்டம்.

டாக்டர் சொன்னார். "இது வலிக்கு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வலிச்சாலும் குடுக்கணும், வலிக்காட்டியும் குடுக்கணும். பிள்ளை குடிச்சுக்கிட்டே இருக்கணும். விழுங்க விழுங்கத்தான் புண் ஆறும். பயந்துக்கிட்டு விழுங்காம இருந்தா தொண்டை காஞ்சு ரத்தம் கசியும். ஒரு பகல் ஒரு ராத்திரி எதுவுமே உள்ள போகலைன்னா உடனே இங்க கொண்டு வந்துடுங்க. ஊசி வச்சு க்ளுக்கோஸ் ஏத்தணும்."

ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் சரசு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆகாரம் என்ன குடுக்கறதுங்க?"

"ரெண்டு மூணு நாளைக்குக் குளிர்ச்சியாக் குடுங்க. சூடு வேண்டாம்."

டாக்டர் வெளியூர்க்காரர். அவர் ஊரில் குளிர்ச்சி என்றால் என்னவோ எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் குளிர்ச்சி என்றால் உடம்புச் சூட்டைத் தணிப்பது. மோர், எலுமிச்சம்பழம், வெந்தயம். ஆவி பறக்கக் குடித்தாலும் வெந்தயக் கஞ்சி குளிர்ச்சிதான். ஐஸ் கட்டி சூடு என்று அடித்துச் சொல்கிறவர்கள் எங்கள் சந்திலேயே நாலு பேர் இருந்தார்கள்.

நானும் ஒருவன்.

மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். சத்தமாகப் பேசக் கூடாது என்று நர்சு சொல்லியிருந்ததால் சரசு பேசுவதையே விட்டுவிட்டாள். சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். எனக்கு வசதியாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் எழுதிப் பேசுகிற பழக்கம் எல்லோருக்கும் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கட்டம் மருந்து. சத்தமில்லாமல் குடித்தாள். பிறகு சிலேட்டைக் காட்டினாள்.

"ஐசு."

"தொண்டைய அறுத்துட்டு வந்திருக்கற. ஐசு கேக்குதா?" என்று அழித்துவிட்டேன்.

மறுபடி எழுதினாள். "நர்சு சொன்னாங்க."

அதையும் அழித்தேன். எட்டு வயதுப் பிள்ளை ஐசுக்காக எந்த நர்சையும் சாட்சிக்கு இழுக்கும்.

ராத்திரி பன்னிரண்டு மணி மருந்துக்கு அவளை எழுப்பவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பி வலி மருந்து கொடுப்பார்களா? காலை ஆறு மணிக்கு, "வலிக்குதா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். வலியே இல்லாதபோது மருந்து எதற்கு? பாட்டிலைத் திரும்ப மாடத்தில் வைத்தேன். மிச்சம் பிடித்துவிட்டதாக நினைப்பு.

எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாவாயக்கா வந்தாள். ஆபரேஷன் விஷயம் சந்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். என் சம்சாரம் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் யாருக்கும் சொல்லவில்லை. என் மகள் தொண்டை, ஊருக்கு எதற்கு?

"டாக்டரு என்ன தம்பி குடுக்கச் சொன்னாரு?"

"குளிர்ச்சியாக் குடுக்கச் சொன்னாருக்கா."

"அட, இதுக்கா கோயமுத்தூரு போனீங்க? மோரு குடுங்க. எலுமிச்சம்பழச் சர்பத்து குடுங்க. உச்சில வெளக்கெண்ணெ வையுங்க. வேப்பந்தழையக் கட்டி வெச்சா அது மேல பட்டு வர்ற காத்தே குளிர்ச்சி தம்பி."

இத்தனையும் சொல்லிவிட்டு, மகள் வீட்டுக்கு என்று மங்கலம் பஸ் ஏறிப் போய்விட்டாள். வர மூன்று நாள் ஆகும். யோசனை சொல்கிறவர்கள் அது பலிக்கிறபோது பக்கத்தில் இருப்பதில்லை.

நான் சொன்னதைச் செய்கிறவன். வேப்பந்தழை ஒரு கொத்து ஒடித்து வந்தேன். ஜன்னலில் கட்ட இடமில்லை. வாசல் நிலைக்கு மேலே ஆணி இருந்தது. அங்கே தொங்கவிட்டேன்.

பிறகு மோர். முந்தின நாள் மோர், கொஞ்சம் புளிப்பு. ஒரு வாய் குடித்ததும் சரசுவின் கண் இரண்டும் நிரம்பிவிட்டது. சிலேட்டில் எழுதினாள். "எரியுது."

எரிந்தால் சூடு. சூட்டுக்கு இன்னும் குளிர்ச்சி வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிந்தேன். முழுப் பழம்.

புண்ணான தொண்டையில் எலுமிச்சம்பழம் என்ன செய்யும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. அவள் டம்ளரைத் தட்டிவிட்டாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள், வாயை மூடினாள். அப்போது மணி பத்து. மூடியது மூடியதுதான்.

பன்னிரண்டு மணிக்கு மருந்து ஊற்றினேன். பாட்டிலில் ஒரு கட்டம் இறங்கியது. மருந்து என் பனியனில் இருந்தது.

கொட்டகைக்குப் போனேன். காசிம் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான்.

"ஏனுங்க மொதலாளி, பாப்பாவுக்கு எப்பிடிங்க இருக்குது?"

"குளிர்ச்சி குடுத்துட்டிருக்கேன்."

காசிம் குரலைத் தாழ்த்தினான். "எத்தனாவது நாளுங்க?"

ஆபரேஷனிலிருந்து கணக்குப் போட்டேன். "நாலு."

"தண்ணி எப்பங்க ஊத்தறீங்க?"

"மணிக்கொருக்கா ஊத்தறேன். அவளுக்குத்தான் ஆக மாட்டேங்குது."

"மணிக்கொருக்காவுங்களா? அதுக்குள்ளேயேவுங்களா?" காசிம் கை நெஞ்சுக்குப் போய்விட்டது.

"டாக்டர் சொன்னது. உனக்கென்ன தெரியும்? மெஷினப் பாரு."

அவன் மெஷினைப் பார்க்கவில்லை. மூன்று நாள் லீவு வேண்டுமென்றான். பனியன் மடிக்கிற பெண்கள் இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. எதிரே இருந்த மளிகைக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். பால் ஊற்றுகிற அம்மாள் சொம்பைத் தெருவிலேயே வைத்துவிட்டு, எங்கள் வாசலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற தகப்பன் என்று ஊரில் எனக்கு மரியாதை கூடிவிட்டதாக நினைத்தேன். இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம்.

சாயங்காலம் சரசு காதைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெட்டினது தொண்டையை, வலிக்கிறது காது. இந்த டாக்டர் தொண்டையை விட்டுவிட்டுக் காதை அறுத்துவிட்டாரோ என்று ஒரு சந்தேகம் வந்தது. நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி ஆறவைத்துக் காதில் விட்டேன். அழுகை கூடியது. ஆறு மணி மருந்தில் பாதியைப் பாயில் துப்பினாள், மீதியைத் தலைகாணியில். வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டைக்குள் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. சீழ் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

கெஞ்சினேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. "கண்ணு, ஒரு வாய். ஒரே ஒரு வாய் சாமி." அவள் எச்சிலைக்கூட விழுங்காமல் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் விடிந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. பத்து மணி ஆனால் டாக்டர் சொன்ன ஒரு பகல், ஒரு ராத்திரி முடிகிறது. அதற்குள் ஒரு வாய் இறங்காவிட்டால் கோயமுத்தூர், ஊசி. "பஸ்ஸுக்குப் போகலாம் வா" என்றேன். அவள் எழுந்து போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

முனிசிபாலிட்டியில் அம்மை குத்துகிறவர். காக்கிச் சட்டை, தோளில் பை, குறுக்கே தொங்கும் ஒரு பிளாஸ்க். அவர் சைக்கிள் சந்து முனையில் தெரிந்தாலே வீடு வீடாகத் தாழ்ப்பாள் விழும். பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்றைக் கையில் அழுத்தித் திருகுவார். பத்து நாள் கை எரியும். நானே வருஷா வருஷம், "நமக்கு அப்பவே குத்தியாச்சுங்க" என்று சொல்லி அனுப்புகிறவன். எப்போது என்று அவரும் கேட்டதில்லை.

அன்றைக்கு அவரைப் பார்த்து யாரும் கதவைச் சாத்தவில்லை. சந்து முழுக்க வாசலில் நின்றது, எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு.

அவர் வேப்பந்தழையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். நோட்டை எடுத்தார்.

"டீக்கடைல பேசிக்கிட்டாங்க. எத்தன நாளுங்க ஆச்சு?"

"அஞ்சு."

"முத்து எறங்கிருச்சுங்களா?"

"எறங்கல. எடுத்துட்டாங்க."

பென்சில் நின்றது. "எடுத்துட்டாங்களா? எத்தனைங்க?"

"ரெண்டு."

"ரெண்டே ரெண்டா?"

"தொண்டைல எத்தன இருக்கும்? ரெண்டுதான் இருக்கும்."

"யாருங்க எடுத்தது?"

"கோயமுத்தூர் டாக்டரு. கத்தி வெச்சு."

அவர் நோட்டை மூடினார். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். குத்த வேண்டியது பிள்ளைக்கா அப்பனுக்கா என்று யோசிக்கிற பார்வை.

"ஏனுங்க, இந்த ஊட்டுல யாருக்கு அம்மை?"

"அம்மையா? யாருக்கு?"

"அப்பறம் வாசல்ல எதுக்குங்க தழை?"

"காத்து குளிர்ச்சியா வரட்டும்னு."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அங்கேயே நின்று, தாழ்ந்த குரலில், எனக்கு விளக்கினார். வாசலில் தழை, உள்ளே பிள்ளை சத்தமில்லாமல் படுத்திருக்கிறது, அப்பன் குளிர்ச்சி கொடுக்கிறேன் என்கிறான். அம்மை வந்த வீட்டில் அதன் பெயரைச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர் கேட்ட முத்து அம்மைக் கொப்புளம், நான் சொன்ன இரண்டு தொண்டைச் சதை. காசிம் கேட்டது அம்மை இறங்கியபிறகு தலைக்கு ஊற்றுகிற தண்ணீரை. நான் சொன்னது வாயில் ஊற்றுகிற தண்ணீரை. அம்மை கண்ட பிள்ளையை மணிக்கொருதரம் குளிப்பாட்டுகிற கொலைகாரன் என்று என்னைப் பற்றி டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கூடியிருந்த மரியாதை இதுதான்.

உள்ளே வந்தார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் குந்தினார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் சரசு இன்னும் சுருண்டாள்.

"கண்ணுக்கு ஊசி இல்ல சாமி. வாய மட்டும் ஆன்னு காட்டு. மாமன் பாத்துட்டுப் போயிர்றேன்."

காட்டினாள். நேற்று முழுக்க நான் கெஞ்சியும் அரை நிமிஷத்துக்கு மேல் காட்டாத வாய்.

"வெள்ளையா சீழ் புடிச்சிருச்சுங்க," என்றேன்.

"சீழ் இல்லீங்க. புண்ணு ஆறும்போது அப்பிடித்தான் ஏடு படியும். தானா உதிந்துரும்."

"காது வேற வலிக்குதுங்க."

"தொண்டைல புண்ணுன்னா காது வலிக்குமுங்க. ரெண்டுக்கும் ஒரே நரம்பு. காதுல என்னத்த உட்டீங்க, பூண்டு வாசம் அடிக்குது?"

அவர் மாடத்திலிருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"எப்ப வந்தீங்க ஊட்டுக்கு?"

"முந்தாநேத்து மத்தியானம்."

விரல் விட்டு எண்ணினார். "ஏழு கட்டம் எறங்கியிருக்கோணும். மூணுதான் எறங்கியிருக்குது."

"அதுல ஒண்ணு என் பனியன்ல இருக்குதுங்க. இன்னொண்ணு பாயில."

"அப்ப புள்ளைக்குள்ள ஒண்ணே ஒண்ணு. ஏனுங்க குடுக்கல?"

"வலிக்கலைன்னு சொன்னா."

"மெஷினுக்கு எண்ணெ எப்பங்க உடுவீங்க? கத்தினதுக்கப்பறமா?"

"காலைல ஓட்டறதுக்கு முன்னாலயே உட்டுருவோம்."

"அதே கணக்குதானுங்க. வலிக்கலைன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். நிறுத்துனீங்க, வலி வந்துச்சு. வலில விழுங்கல. விழுங்காததுல தொண்டை காஞ்சு இன்னும் வலி. டாக்டரு வேற என்ன சொன்னாரு?"

"குளிர்ச்சியாக் குடுக்கச் சொன்னாரு. மோரு குடுத்தேன். எலுமிச்சம்பழம் குடுத்தேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "குளிர்ச்சின்னா சில்லுன்னுங்க. ஐசு."

அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து சிலேட்டுக் குச்சி கிறீச்சிடும் சத்தம். சிலேட்டு வெளியே வந்தது. அதில் இடம் கொண்ட மட்டும் பெரிதாக, "ஐசு."

அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "புள்ளை எத்தன நாளா எழுதுது?"

"மொத நாள்லருந்து," என்றேன்.

பிளாஸ்கைத் திறந்து காட்டினார். உள்ளே ஐஸ் துண்டுகள், நடுவில் அவர் குத்துகிற மருந்து, அம்மைப்பால் குப்பி. சரசு கையை நீட்டிவிட்டாள். "இது வேண்டாம் சாமி, இது மருந்துக்கு வெச்சது. அப்பன் போயி உனக்குன்னே ஒரு கட்டி வாங்கிட்டு வருவாரு. அதுக்குள்ள நீ இத மட்டும் குடிச்சுரு. எரியாது." ஒரு கட்டம் மருந்தைக் கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக, நாலு தடவையாகக் கொடுத்தார். கொஞ்சம் முகம் சுளித்தாள், ஆனால் இறங்கிவிட்டது. என்னைப் பார்த்து, "அரை மணி நேரத்துல மருந்து கேக்கும். ஐசோட வந்து நில்லுங்க," என்றார்.

ஸ்டேஷன் பக்கத்தில் ஐஸ் கம்பெனி. பனியன் கம்பெனி முதலாளி சைக்கிளை மிதித்த மிதியைச் சந்து பார்த்தது. மரத்தூளில் புதைத்துச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். கொதித்து ஆறின தண்ணீரில் கழுவி, வெட்டாத புதுப் பனியன் துணியில் சுற்றி, படிக்கல்லால் தட்டி, தூளை ஒரு கரண்டியில் எடுத்து நீட்டினேன்.



சரசு வாயைத் திறந்தாள். வைத்துக்கொண்டாள். கரைவதற்குக் காத்திருந்தாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நான் அவள் தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி பத்தாக ஐந்து நிமிஷம்.

"இன்னும்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து வாயைத் திறந்து அவள் சொன்ன முதல் வார்த்தை. அப்புறம் ஐசு, ஐசில் வைத்த பால், ஆறவைத்த ரவைக் கஞ்சி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து. ராத்திரி எழுப்பிக் கொடுத்தேன். கோயமுத்தூர் பஸ் நாங்கள் இல்லாமலே போயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்லது.

அன்று காலை முதல் கரண்டி ஐசு இறங்கியதுமே, தழையை அவிழ்க்க வாசலுக்குப் போனேன். அம்மை குத்துகிறவர் என் கையைப் பிடித்தார். "ஒரு அரை மணி நேரம் அப்பிடியே இருக்கட்டுமுங்க."

"எதுக்கு? அம்மைதான் இல்லையே."

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். மூணு வருசமா இந்தச் சந்துல ஒருத்தருக்கும் என்னால குத்த முடியல. இன்னைக்கு எல்லாரும் வாசல்ல நிக்கறாங்க."

"பொய் சொல்லப் போறீங்களா?"

"நான் எதுக்குங்க பொய் சொல்றேன்? உள்ள போயி என் கண்ணால பாத்துட்டு வந்தேன், எல்லாரும் குத்திக்கோங்கன்னு சொல்லுவேன். ரெண்டும் நெசந்தானுங்க."

சொன்னார். மளிகைக்கடைக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். பால்கார அம்மாள் மூன்று பிள்ளைகளையும் இழுத்து வந்தாள். லீவு போட்ட காசிம் குடும்பத்தோடு வரிசையில் நின்றான். சந்து முனை வரை வரிசை. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் ஓடவும் இல்லை.

"மொதல்ல யாருங்க?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மை வந்த வீட்டுக்காரன் அல்லவா.

"நமக்கு அப்பவே குத்தியாச்சுங்க," என்றேன்.

"எப்பங்க?" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டார்.

கையை நீட்டினேன். நிதானமாக, இரண்டு இடத்தில் திருகினார்.

பத்து நாள் காய்ச்சல், இடது கையைத் தூக்க முடியவில்லை. அந்தச் சந்தில் யாரும் அவரை ஊசிக்காரன் என்பதைத் தவிர வேறு மாதிரிக் கூப்பிட்டதில்லை. நோட்டில் என் கையெழுத்து வாங்கும்போது கீழே அவர் கையெழுத்தைப் பார்த்தேன். என் மகள் வலியைத் தீர்த்து அதை எனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன அந்த மனுஷன் பெயர் கோவிந்தசாமி.